பனிமலைக்குப் போகும் லாரிக்குக் காரைக்குடியில் பேட்டரி வாங்குவது எப்படி

ஒரு மார்கழி விடியலில் வளவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, காஷ்மீரத்தில் காஜிகுண்டில் நின்றிருந்த எங்கள் லாரியின் டிரைவர் போன் செய்தார். "முதலாளி, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. சாவியத் திருப்புனா டொக்கு டொக்குன்னு சத்தம் மட்டுந்தான் வருது." வண்டி நிறைய ஆப்பிள் பெட்டிகள். இரண்டு பேட்டரிகளும் வாங்கிப் பதினான்கு மாதமே ஆகியிருந்தன. காரைக்குடியில் லோடு ஏற்றிய காலையில்கூட அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்தது. கடைக்காரரைக் குறை சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரிக்க விசாரிக்க, கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியவன் நான்தான் என்று தெரிந்தது.

வடக்கே லாரி அனுப்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் வண்டியின் பேட்டரி பெரும்பாலும் பனியில் கெட்டுப்போவதில்லை. அது சித்திரை, வைகாசி வெயிலில் செட்டிநாட்டுச் செம்மண் திடலில் நிற்கும்போதே கெட்டுவிடுகிறது, பனிமலையில் போய்தான் அந்தக் கேடு வெளியே தெரிகிறது. ஈய-அமில பேட்டரி இருபத்தைந்து டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எவ்வளவு காலம் உழைக்குமோ, அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு எட்டு அல்லது பத்து டிகிரிக்கும் அந்த ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உள்ளே இருக்கும் ஈயச் சட்டம் அரிக்கிறது, பிளேட்டில் உள்ள பசை உதிர்ந்து அடியில் மண்டியாகப் படிகிறது. இவ்வளவும் நடந்த பிறகும், இளஞ்சூடாகவே இருக்கும் நம்மூர் எஞ்சினைச் சுற்ற மிஞ்சியிருக்கும் பலம் போதும். ஆகவே நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

குளிரில் கணக்கு இரு பக்கமும் நமக்கு எதிராகத் திரும்புகிறது. அமிலத்துக்கும் பிளேட்டுக்கும் இடையே நடக்கும் வேதிவினை மந்தமாவதால், சுழி டிகிரியில் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கையும், மைனஸ் 18 டிகிரியில் பாதி அளவையும்தான் தரும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் வெல்லப்பாகு போல இறுகுவதால், எஞ்சினைச் சுற்றுவதற்கு வழக்கத்தைவிட இரு மடங்கு வரை விசை தேவைப்படுகிறது. புதுப் பேட்டரி இந்த இரண்டையும் சமாளிக்கும். நம் வெயிலில் முப்பது விழுக்காடு இழந்துவிட்ட பேட்டரி சமாளிக்காது. எனவே, வடக்குப் பயணம் போகிற வண்டிக்குப் பேட்டரி மாற்ற ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை; பங்குனியில் மாற்றினால், அது ஒரு கோடையைக் குடித்துவிட்டுத்தான் பனியைப் பார்க்கும்.

லேபிளில் என்ன பார்ப்பது

நம்மவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் "எத்தனை ஆம்பியர் பேட்டரி?" என்ற ஒரே கேள்வியைத்தான். 100, 130, 150 என்று கடைக்காரர் சொல்வது ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், 27 டிகிரி வெப்பத்தில் 5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். நிதானமாக, நீண்ட நேரம் கொடுக்கும் திறனை அந்த எண் சொல்கிறதே தவிர, செல்ஃப் மோட்டார் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கும்போது தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது சி.சி.ஏ. என்ற எண், அதாவது குளிரில் எஞ்சினைச் சுற்றும் ஆம்பியர்.

அமெரிக்க எஸ்.ஏ.இ. முறைப்படி, முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியை மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்து, முப்பது நொடி தொடர்ந்து மின்சாரத்தை இழுத்து, 12 வோல்ட் பேட்டரியின் வோல்டேஜ் 7.2-க்குக் கீழே இறங்காமல் அது எத்தனை ஆம்பியர் தருகிறது என்று அளக்கிறார்கள். ஐரோப்பிய முறையில் பத்து நொடி, 7.5 வோல்ட் என்பது அளவு. ஒரு பேட்டரியை இன்னொன்றுடன் ஒப்பிடும்போது இரண்டு எண்களும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவையா என்று பார்க்காவிட்டால் ஒப்பீடே பிசகிவிடும். இதைவிடப் பெரிய பொறி ஒன்றும் இருக்கிறது. சில லேபிள்களில் வெறும் சி.ஏ. என்று இருக்கும், அது சுழி டிகிரியில் எடுத்த அளவு. அதே பேட்டரியின் சி.சி.ஏ. அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். 1000 சி.ஏ. என்று பெரிதாக அச்சடித்திருந்தால், பனியில் அதை 800 என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் விற்கும் லாரி பேட்டரிகள் பலவற்றில் சி.சி.ஏ. எண்ணே லேபிளில் இருப்பதில்லை. கடைக்காரரிடம் நிறுவனத்தின் விவரத்தாளை வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

எவ்வளவு சி.சி.ஏ. வேண்டும் என்பதற்கு வண்டியின் கையேடே முடிவான சொல். அதில் உள்ள எண் புதுப் பேட்டரிக்கான குறைந்தபட்சத் தேவை. நம் கோடையில் இழக்கப்போவதை முன்கூட்டியே ஈடுகட்ட, ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக உள்ளதை நான் எடுக்கிறேன். அதற்காகத் தட்டில் உட்காராத பெரிய பேட்டரியைத் திணித்து, கிளாம்ப் பிடிக்காமல் கயிற்றால் கட்டி அனுப்பக்கூடாது. ஜம்முவைத் தாண்டி ராம்பன் பக்கத்து மலைச்சாலையில் குலுங்கிக் குலுங்கியே அதன் பிளேட்டுகள் உதிர்ந்துவிடும்.

வெயிலுக்கும் பனிக்கும் நடுவே

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதே பெட்டிக்குள் சி.சி.ஏ.யைக் கூட்ட வேண்டுமானால், மெல்லிய பிளேட்டுகளை அதிக எண்ணிக்கையில் அடுக்க வேண்டும். அமிலம் தொடும் பரப்பு கூடுவதால் மின்சாரம் பாய்ந்து வரும். ஆனால் மெல்லிய பிளேட் வெயிலில் சீக்கிரம் அரிக்கும். பனிநாட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. நமக்கு ஒரே பேட்டரி மே மாதத்துத் தேவகோட்டை வெயிலையும் ஜனவரி மாதத்து ஸ்ரீநகர் இரவையும் தாங்க வேண்டும். அந்த ஊரில் டிசம்பர் 21 அன்று தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்கிறார்கள். 2024-இல் அது தொடங்கிய இரவே மைனஸ் 8.5 டிகிரி வரை இறங்கியது.

சாதாரணமாகத் தண்ணீர் ஊற்றும் பேட்டரி விலை குறைவு. கிராவிட்டியை, அதாவது அமிலத்தின் அடர்த்தியை, அளந்து பார்க்க முடியும், உள்ளறைகளில் ஒரு செல் கெட்டாலும் கண்டுபிடிக்கலாம். கால்சியம் கலந்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையில் தண்ணீர் செலவு குறைவு, சும்மா நிற்கும்போது சார்ஜ் இறங்குவதும் மெதுவாகவே நடக்கும். ஆனால் மூடி திறக்க முடியாத மாதிரியாக இருந்தால் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகை குளிரில் மிக நன்றாக எஞ்சினைச் சுற்றும், குலுக்கலையும் தாங்கும். விலை அதிகம், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் அதிகமாக ஏற்றினாலும் வெயிலில் உலர்ந்து போகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வடக்கே போகிற பழைய வண்டிக்கு, திறக்கக்கூடிய மூடியுள்ள கால்சியம் பேட்டரியே போதும் என்பது என் முடிவு. இன்வெர்ட்டருக்கு வாங்கும் டியூபுலர் பேட்டரியை மட்டும் வண்டியில் ஏற்றவே கூடாது. "கனமா இருக்கு அண்ணே, அஞ்சு வருஷம் நிக்கும்" என்று சொல்லி என்னிடமே விற்கப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் மின்விசிறி ஓட அது நல்லது. அதன் தடித்த பிளேட்டுகளால் குளிரில் இறுகிய டீசல் எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு மின்சாரத்தை ஒரே நொடியில் கொட்ட முடியாது. லித்தியம் பேட்டரியும் இப்போதைக்கு வேண்டாம். சுழி டிகிரிக்குக் கீழே சூடேற்றும் ஏற்பாடு இல்லாமல் அதைச் சார்ஜ் செய்தால் பழுதாகும்.

கடையில் செய்ய வேண்டியவை

1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, காரைக்குடியில்தான் இருக்கிறது. அதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பேட்டரிக்குள் நடப்பதையும் ஆராய்கிற ஒரு நிலையம் இருக்கிற ஊரில், அதன் சுவரை ஒட்டி லாரி ஓட்டிக்கொண்டு, கடைப் பலகையின் நிறத்தைப் பார்த்துப் பேட்டரி வாங்கினேன் என்பது எனக்கே வெட்கமான செய்தி.

இப்போது கடைக்குப் போகும்போது வோல்டேஜ் பார்க்க ஒரு மல்டிமீட்டரும், கிராவிட்டி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டரும் என் பையில் இருக்கும். முதலில் தயாரித்த மாதத்தைக் கேட்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு மாறும் என்பதால், பெட்டியில் குத்தியிருக்கும் எழுத்துகளைக் கடைக்காரரையே படித்து விளக்கச் சொல்லி, அதையே வாரண்டி அட்டையிலும் எழுதி வாங்குகிறேன். மூன்று மாதத்துக்கு மேல் கடையில் கிடந்ததை எடுப்பதில்லை. சும்மா கிடக்கும் பேட்டரியும் சார்ஜை இழந்துகொண்டேதான் இருக்கும், நம் ஊர் வெப்பத்தில் அந்த இழப்பு இன்னும் வேகமாக நடக்கும், இறங்கிய நிலையில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே காட்டினால், "சார்ஜ் போட்டுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல் வேறு பெட்டியைக் கேட்கலாம்.

வோல்டேஜ் மட்டும் போதாது, லோடு டெஸ்டர் இருக்கிற கடையாகப் பார்த்துப் போக வேண்டும். சி.சி.ஏ. எண்ணில் பாதி ஆம்பியரைப் பதினைந்து நொடி இழுக்கும்போது, நம் ஊர் வெப்பத்தில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. முள் 10-க்கு மேல் அசையாமல் நிற்பது ஒரு பேட்டரி, 10.5-இல் தொடங்கி நொடிக்கு நொடி வழுக்கிக்கொண்டு இறங்குவது இன்னொரு பேட்டரி. பதினைந்தாவது நொடியில் இரண்டும் தேறிவிட்டாலும் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். உள்ளே ஈயம் கூடுதல் என்பதால் அதில் நியாயம் உண்டு.

லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம் என்பதால், இரண்டையும் ஒரே நிறுவனத்தில், ஒரே மாதிரியில், ஒரே மாதத்துத் தயாரிப்பாக, ஒரே நாளில் வாங்க வேண்டும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். பழையது சீக்கிரம் இறங்கி, சீக்கிரம் நிறைந்து, புதியதையும் தன் நிலைக்கு இழுத்துக்கொள்ளும். காஜிகுண்டில் நின்ற எங்கள் வண்டியில் நடந்தது இதற்கு அடுத்த வீட்டுச் சங்கதி. பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று, யாரோ ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு சிவப்பு ஒயரை இழுத்துவிட்டிருந்தார். அந்த ஒன்று நாள்தோறும் அரைப் பட்டினியாகவும், மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி தண்ணீர் வற்றியும் இருந்தன. மீட்டர் வைத்தபோது ஒன்று 12.5, மற்றது 11.7. உங்கள் வண்டியிலும் அப்படி ஒரு ஒயர் இருக்கக்கூடும். அதை வெட்டிவிட்டு, 24-ஐ 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். ஓய்வில் இரண்டு பேட்டரிகளின் வோல்டேஜுக்கும் உள்ள வேறுபாடு 0.1-க்கு மேல் இருக்கக்கூடாது.

கிராவிட்டியும் உறைதலும்

வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தைக் கொஞ்சம் நீர்க்கவே ஊற்றுகிறார்கள். குளிர்நாட்டில் முழுச் சார்ஜில் கிராவிட்டி 1.280 அளவில் இருக்கும் என்றால், இங்கே பல பேட்டரிகளுக்கு 1.240 தான் முழுச் சார்ஜ். அமிலத்தின் வீரியம் குறைவதால் வெயிலில் பிளேட் அரிப்பது குறையும். பனிக்குப் போகிறோம் என்று கூடுதல் அமிலம் ஊற்றிக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை, அடுத்த கோடையில் அதற்கு வட்டியும் முதலும் கட்ட வேண்டியிருக்கும். தேவையும் இல்லை: கிராவிட்டி 1.225 இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரையும், 1.200 இருந்தால் மைனஸ் 27 வரையும் ஏறத்தாழ உறையாது. ஆபத்து சார்ஜ் இறங்கும்போதுதான் வருகிறது. 1.150-க்கு வந்துவிட்டால் மைனஸ் 15 டிகிரியிலும், 1.100-க்கு வந்துவிட்டால் மைனஸ் 8 டிகிரியிலும் உள்ளே பனிக்கட்டி கட்டத் தொடங்கும். பாதி சார்ஜில் லே பக்கம் நிற்கிற வண்டியின் பேட்டரி ஒரே இரவில் வெடிப்பு விட்டால் வியப்பதற்கில்லை.

ஹைட்ரோமீட்டரைக் குளிரில் படிக்கும்போது ஒரு திருத்தம் வேண்டும். பத்து டிகிரி குறைவுக்கு 0.007 வீதம் காட்டும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 27 டிகிரிதான் அடிப்படை. மைனஸ் 3 டிகிரியில் மிதவை 1.220 என்று காட்டினால், உண்மை 1.199. இது தெரியாத டிரைவர் "கிராவிட்டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அதுபோலவே, டிஸ்டில்டு வாட்டரை இரவில் நிறுத்தும்போது ஊற்றக்கூடாது. அது அமிலத்தோடு கலக்காமல் மேலாக நின்று முதலில் உறையும். காலையில் ஊற்றிவிட்டு வண்டியை ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது எழும் குமிழ்களே கலக்கிவிடும்.

சாலையில் காத்திருக்கும் இரவு

இங்கிருந்து மதுரை போய் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால், அதே சாலை ஸ்ரீநகரில் கொண்டுபோய் விடும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற அந்தப் பயணத்தில் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே வருவதால், ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. பனிப்பொழிவோ மண்சரிவோ ஏற்பட்டு ஜம்மு-ஸ்ரீநகர் சாலை மூடப்பட்டு, லாரிகள் வரிசையில் நாள்கணக்கில் நிற்கும்போதுதான் பேட்டரியின் தரம் தெரியும். கேபின் விளக்கு, பார்க்கிங் விளக்கு, பாட்டு, போன் எல்லாம் சேர்ந்து சுமார் 100 வாட் என்று வைத்தால், 24 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி மைனஸ் 8 டிகிரியில் அறுபத்தைந்து அளவுக்குத்தான் தரும், வயதான பேட்டரியானால் ஐம்பதும் தராது. விடியலில் செல்ஃப் மோட்டாருக்கு மிஞ்சுவது என்ன என்பதை இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே சி.சி.ஏ.யோடு ஆம்பியர்-மணியையும் கொஞ்சம் தாராளமாக எடுப்பது நம் தடத்துக்குப் பொருந்தும். கையேடு அனுமதிக்கும் பெரிய அளவை எடுங்கள். இரவில் கட்-ஆஃப் சுவிட்சை அணைக்கும் பழக்கம் நல்லது, பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டியில் மட்டும் சாவியை எடுத்த உடனே அணைக்காமல், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலின் குழாய் காலியாகும்வரை இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

புறப்படும் முன் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 27.6 முதல் 28.8 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிளாம்பை இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிளை யாரும் பார்ப்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு பேட்டரியில் இல்லை, அந்தக் கேபிளில் இருக்கிறது.

நல்ல பேட்டரியும் செய்ய முடியாத காரியங்கள் உண்டு. நம் ஊர் பங்கில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்த குளிர்கால டீசல், மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கொண்டது; கடுங்குளிர்ப் பகுதிக்குப் போகிறவர்கள் மேலே ஏறும் முன் நம் ஊர் டீசலைத் தீர்த்துவிட்டு அங்குள்ள டீசலை நிரப்ப வேண்டும். எஞ்சின் ஆயில் குளிரில் அதிகம் இறுகும் 20W-50 ஆக இருந்தால், அதைவிட இளகிய 15W-40க்கு மாற்றிக்கொண்டு போவது, பேட்டரிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும்.

காலையில் செல்ஃப் அடிக்கும்போது கிளட்சை முழுதாக மிதிக்க வேண்டும். இறுகிய கியர் ஆயிலின் பாரம் குறையும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், இரண்டு நிமிடம் விட்டு அடுத்த முறை முயலலாம். பெட்டி உப்பியோ வெடித்தோ தெரிந்தால், அல்லது மூடியைத் திறந்து உள்ளே பனிக்கட்டி தெரிந்தால், அதற்கு ஜம்பர் கேபிள் போடவே கூடாது, அது வெடிக்கும். கழற்றி, தீயில்லாத கதகதப்பான இடத்தில் வைத்து உருகிய பிறகுதான் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டும். ஆயில் சம்ப்பின் அடியில் துணியைக் கொளுத்தி வைக்கிற வழக்கத்தை டிரைவர்களிடம் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

பேட்டரிப் பெட்டியைச் சுற்றி இரட்டைச் சாக்கு கட்டினால் ஒரு இரவுக் குளிர் உள்ளே இறங்குவது தாமதமாகும். இரண்டு நாள் நின்றால் அதனால் பயனில்லை, காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடக்கூடாது. வண்டி திரும்பி வந்து கணக்கு முடித்த அன்றே அந்தச் சாக்கை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு பேட்டரியின் ஆறு செல்களிலும் தண்ணீர் பார்த்து, கிராவிட்டியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் காரைக்குடிக்கு வந்த வண்டி ஒன்று சித்திரை வரை சாக்கோடே நின்றதை நானே பார்த்தேன். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.